வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது: என் மாவு உரிமம் நிறுத்தப்பட்டபோது கற்றவை

மும்பையில் இட்லி மாவும் பொடியும் முறுக்கும் செய்து பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் சயான், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கங்களில் ஏராளம். எங்களில் பெரும்பாலானோருக்கு உரிமம் எடுப்பது எப்படி என்று தெரியும். அந்த உரிமத்தை ஓர் அலுவலகம் ஒரே கடிதத்தில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று தெரியாது. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அரசு அலுவலகம் ஒரு முடிவை எடுக்கும்போது எந்த வழியில் எடுக்க வேண்டும் என்பதற்கே தனியாகச் சட்டம் உண்டு என்பதையும், அந்த வழியிலிருந்து விலகினால் முடிவே செல்லாமல் போகலாம் என்பதையும் நான் வருமானமின்றி உட்கார்ந்திருந்த மாதங்களில்தான் அறிந்துகொண்டேன். அடுத்து இந்த நிலைக்கு வரும் ஒருவருக்கு அந்த மாதங்களில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. சயானை ஒட்டிய பகுதியில் ஒரு காலாவை (சிறு தொழிற்கூட அறையை) வாடகைக்கு எடுத்து, மூன்று பெரிய கிரைண்டர்களும் நான்கு ஆட்களுமாக மாவு அரைத்து, விடியுமுன் மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வரை கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டு விற்பனை அப்போதைய வரம்பான பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியதால் வெறும் பதிவு போதாமல் மாநில உரிமம் எடுத்திருந்தோம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் பதினான்கு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம்) எண் அச்சாகியிருக்கும். ஒரு மாலை உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, படிவத்தில் சில இடங்களில் குறியிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மாதிரி எதுவும் எடுக்கவில்லை. ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்டதற்கு, பிறகு ஆன்லைனில் வரும் என்றார். யாராவது ஆய்வுக்கு வந்தால், அவர் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அறிக்கையின் நகலை வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் செல்போனிலாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் உங்கள் கருத்தை எழுத இடம் இருந்தால் அதை வெறுமையாக விடாதீர்கள். அவர் குறை என்று காட்டிய இடத்தையும், குறையில்லாத இடங்களையும், அன்றைக்கே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பின்னால் வரும் எல்லா வாதமும் அந்த ஒரு தாளில் போய் நிற்கும்.

சில வாரம் கழித்து மாட்டுங்காவில் எங்கள் மாவை வாங்கும் கடைத் தம்பி அழைத்தார். "அக்கா, உங்க நம்பர போட்டுப் பாத்தா சஸ்பெண்டட்னு வருது, இன்னைக்கு சரக்கு எறக்க வேண்டாம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று இரவு அரைப்பதற்காக அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. உளுந்து ஊறிய அண்டாவில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. உரிமம் நிறுத்தப்பட்டபின் அரைத்து விற்பது குற்றம் என்று தெரிந்ததால் ஆட்களை நிறுத்தச் சொன்னேன். ஊறியதில் கொஞ்சத்தை அக்கம்பக்கத்து வீடுகள் எடுத்துக்கொண்டன, மீதியைக் கொட்டினோம். விசாரித்ததில், உத்தரவு மின்னஞ்சலில் போயிருந்தது. ஆனால் அது போன முகவரி எங்களுடையதன்று. உரிமம் எடுத்துத் தந்த ஏஜென்ட் பதிவின்போது தன்னுடைய மின்னஞ்சலையும் செல்போன் எண்ணையும் போட்டிருந்தார். அவர் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. இதைப் படிப்பவர்கள் எழுந்து போய் முதலில் செய்ய வேண்டியது, உணவு உரிமங்களுக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் தங்கள் உரிமத்துக்கு எதிரே யாருடைய எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று பார்ப்பதுதான். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அது ஏஜென்டுடையதாகத்தான் இருக்கும்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய் உத்தரவின் நகலைக் கேட்டேன். அதைக் கையில் வாங்கவே சில நாள் அலைந்தேன். மராத்தியில் மூன்றே வரி. இன்ன தேதியில் ஆய்வு நடந்தது, பொதுச் சுகாதாரத்தைக் கருத்தில் கொண்டு உரிமம் உடனடியாக நிறுத்தி வைக்கப்படுகிறது, மறு உத்தரவு வரும்வரை தொழில் செய்யக் கூடாது. எது குறை, யாருக்கு என்ன ஆபத்து, எதைச் சரிசெய்தால் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு சொல்கூட இல்லை. மேசைக்கு எதிரே இருந்தவரிடம் கேட்டபோது, மாவு அரைக்கும் இடங்களைப் பற்றி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருப்பதாகவும், சுவர் முழுக்க டைல் பதித்திருக்க வேண்டும் என்று அதில் இருப்பதாகவும் சொன்னார். சுற்றறிக்கையைக் காட்டுங்கள் என்றால், அது உள் அலுவலகத்துக்கானது, வெளியே தர இயலாது என்றார். அடுத்த முறை போனபோது இன்னொருவர் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லாததுதான் காரணம் என்றார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு காரணம் கிடைத்தது. நான் ஒவ்வொன்றையும் நம்பினேன். டைல்காரரிடம் விலை கேட்டேன், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அழுகையும் ஆத்திரமுமாக வீடு திரும்பிய நாள்கள் அவை. ஆட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்காவிட்டால் வேறு இடம் போய்விடுவார்கள் என்ற கவலை வேறு.

எங்கள் கட்டடத்தில் மாடியில் குடியிருக்கும் அண்ணாச்சி ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதுல எதையாவது எழுதிக் குடுத்தாங்களாம்மா? வாயால சொன்னதுக்கு அப்பீல் கிடையாது. கையில இருக்க அந்த மூணு வரிதான் உத்தரவு. அதுல காரணம் இல்லேன்னா, அதுதான் உனக்குக் கெடச்ச காரணம்" என்றார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் நான் மேசை மேசையாக விளக்கம் கேட்பதை விட்டுவிட்டுச் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இல் 32ஆம் பிரிவை மட்டும் இந்தத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். உரிமம் வழங்கும் அதிகாரியான நியமன அலுவலருக்கு ஓர் இடத்தில் குறை இருப்பதாகத் தோன்றினால் அவர் முதலில் கொடுக்கக்கூடியது மேம்பாட்டு அறிவிப்பு. அதில் எந்த அடிப்படையில் அப்படிக் கருதுகிறார், குறைகள் எவை, என்ன செய்தால் சரியாகும் என்று எழுத வேண்டும். சரிசெய்வதற்கு 14 நாளுக்குக் குறையாத, நியாயமான அவகாசம் தர வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். அப்போதும் இணங்காவிட்டால், விளக்கம் சொல்ல வாய்ப்பளித்த பிறகு ரத்து செய்யலாம். இந்தப் படிகளைத் தாண்டி உடனடியாக நிறுத்தவும் அதே பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் அது பொதுச் சுகாதாரத்தின் நலனுக்காக இருக்க வேண்டும், காரணங்களை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். எனக்கு மேம்பாட்டு அறிவிப்பு வரவில்லை. ஆகவே அலுவலகம் அந்த அவசர வழியைத்தான் பிடித்திருக்கிறது, அப்படியானால் எழுதிய காரணம் எங்கே என்பதே என்னுடைய முழு வழக்கும். இவ்வளவு சிறிய கேள்வியாக அது சுருங்கியபோது எனக்கு முதன்முறையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அதே பிரிவின் கடைசியில் ஒரு கெடு இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய, முடிவைப் பற்றிய அறிவிப்பு நமக்குச் சார்வு செய்யப்பட்ட (முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட) தேதியிலிருந்து 15 நாள். மிகவும் குறைந்த காலம். மின்னஞ்சல் போன தேதியைக் கணக்கில் கொண்டால் அந்தக் கெடு நான் உத்தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. நகலை நேரில் வாங்கியபோது, "இன்று முதன்முறையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். அந்த வரிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. அரசு அலுவலகத்தில் எதை வாங்கினாலும் வாங்கிய தேதியை எழுதுங்கள், எதைக் கொடுத்தாலும் உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதைக் காட்டும் இன்வர்டு முத்திரையும் எண்ணும் வாங்காமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள். நாளைக்கு வாருங்கள், முத்திரை போடுபவர் விடுப்பு என்பார்கள். அப்படியானால் அன்றைக்கே விநியோக ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.

மேல்முறையீடு போடும் வேளையிலேயே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவும் கொடுத்தேன். இதில் பலர் வழி தவறிப் போகிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தகவல் வரட்டும், பிறகு மேல்முறையீடு செய்வோம் என்று காத்திருக்கிறார்கள். தகவல் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு, நமக்கோ 15 நாள்தான். எனவே இரண்டையும் ஒரே சமயத்தில் போட்டுவிட்டு, கூடுதல் ஆவணங்கள் கிடைத்ததும் தாக்கல் செய்வேன் என்று மேல்முறையீட்டிலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும். மகாராஷ்டிரத்தில் தகவல் மனு ஒரே பொருளைப் பற்றியதாகவும் 150 சொற்களுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று மாநில விதி இருக்கிறது. ஆகையால் மனக்குறையையெல்லாம் அதில் கொட்டக் கூடாது. என் உரிம எண்ணைக் குறிப்பிட்டு, அந்தக் கோப்பில் உள்ள ஆய்வு அறிக்கை, பதிவு செய்யப்பட்ட காரணங்கள், உத்தரவுக்கு அடிப்படையான சுற்றறிக்கை ஆகியவற்றின் நகலும், கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் வேண்டும் என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன். ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் மனு எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம். இன்னொன்றையும் அதில் சேர்த்தேன்: இச்சட்டத்தின் 4ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று அலுவலகத்தின் மீதே கடமையை வைக்கிறது, நாம் கேட்டுத்தான் தர வேண்டும் என்பதில்லை. இதை மேற்கோள் காட்டினால் பதிலின் தொனியே மாறுவதைக் கண்டேன்.

கோப்பைப் பார்க்கக் கூப்பிட்ட நாளை நான் மறக்க மாட்டேன். நாடாக் கட்டிய மெல்லிய கோப்பு. இடப்பக்கம் அலுவலர்கள் தங்கள் முடிவை எழுதும் குறிப்புத் தாள், வலப்பக்கம் கடிதங்கள். எங்கள் ஆய்வு அறிக்கையில் ஐந்து இடத்தில் குறியிருந்தது: வடிகாலுக்குப் பக்கத்தில் உடைந்த தரை டைல், ஒரு ஜன்னலில் வலை இல்லை, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை காட்டப்படவில்லை, ஆட்களின் மருத்துவச் சான்று இரண்டு காலாவதி, கழிவுத் தொட்டிக்கு மூடி இல்லை. உடனடி ஆபத்து என்று எங்கேயும் எழுதப்படவில்லை. குறிப்புத் தாளில் இரண்டே வரி: அறிக்கை பார்க்கப்பட்டது, மேலிட அறிவுறுத்தலின்படி உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். கீழே சுருக்கொப்பம். அந்தச் சுற்றறிக்கை என்பது, மாவு தயாரிக்கும் இடங்களில் தீவிரமாக ஆய்வு நடத்துங்கள் என்ற ஒரு பொதுவான கடிதம். சுவர் முழுக்க டைல் என்ற பேச்சே அதில் இல்லை. எந்தப் பிரிவின்கீழ் எழுதப்பட்டது என்றும் இல்லை. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி எல்லாவற்றையும் நகலெடுத்தேன். என் குடும்பத்தின் வருமானத்தை நிறுத்திய சிந்தனை முழுவதும் அந்த இரண்டு வரிக்குள் அடங்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இதற்கிடையில் ஒரு கன்சல்டன்ட், எல்லாவற்றையும் பேசி முடித்துத் தருகிறேன் என்று 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. தனியார் வழக்கறிஞர் ஒருவர் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று ஒன்றரை லட்சம் வரை கேட்டார். அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்று சொன்னார். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தேன். ஓர் இளம் வழக்கறிஞரை நியமித்தார்கள். அவர் காட்டிய அக்கறை பணம் வாங்கியவர்கள் யாரிடமும் நான் பார்க்காதது. ரிட் மனுவைப் பற்றி அவர் தெளிவாகச் சொன்னார்: மேல்முறையீட்டு வழி இருக்கும்போது உயர் நீதிமன்றம் பொதுவாக அங்கே போகச் சொல்லும், நம் தரப்பைக் கேட்காமலே முடிவெடுத்த வழக்குகளில் நேரடியாகவும் ஏற்கலாம், ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்பம், ஆணையரின் முடிவே இறுதியானது என்று சட்டம் சொன்னாலும் அரசமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகும் கதவு அதனால் மூடிவிடாது. எனவே முதலில் மேல்முறையீடு, அதோடு இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனு. மேல்முறையீடு போட்டாலே உத்தரவு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். தடை கேட்க வேண்டும், அதுவும் முதல் நாளே கேட்க வேண்டும். எனக்குத் தடை கிடைக்கவில்லை, ஆனால் விசாரணைத் தேதி முன்னால் வந்தது.

அவர் எனக்குப் படிக்கக் கொடுத்த தீர்ப்புகளில் ஒன்று இதே ஊரைச் சேர்ந்தது. பம்பாய் காவல் ஆணையருக்கும் கோர்தன்தாஸ் பான்ஜி என்பவருக்கும் இடையிலான வழக்கு, உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. அந்தேரியில் திரையரங்கு கட்ட 1947இல் அனுமதி கொடுத்த ஆணையர், சில மாதத்தில் அரசு தமக்கு ஆணையிட்டிருப்பதாகச் சொல்லி அதை ரத்து செய்ததாகக் கடிதம் எழுதிவிட்டார். சட்டம் அந்த அதிகாரத்தை ஆணையரிடம் கொடுத்திருக்கும்போது அவர்தான் சிந்தித்து முடிவெடுக்க வேண்டும், மேலே இருந்து வந்ததைக் கடத்தும் குழாயாக இருக்கக் கூடாது என்று நீதிமன்றம் கருதியது. எழுத்தில் பிறப்பித்த உத்தரவுக்கு, என் மனத்தில் இருந்தது இதுதான் என்று அதிகாரி பின்னால் கொடுக்கும் விளக்கத்தை வைத்துப் பொருள் சொல்ல முடியாது என்றும் கூறியது. 1977இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே எடுத்துக்காட்டி, ஓர் உத்தரவு அதில் சொல்லப்பட்ட காரணங்களாலேயே நிற்க வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதிய காரணங்களை ஒட்ட முடியாது என்று உறுதியாக்கியது. "மேலிட அறிவுறுத்தலின்படி" என்ற என் கோப்பின் வரியையும், மேசைக்கு மேசை மாறிய காரணங்களையும் நினைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்புகளைப் படித்தபோது, இத்தனை ஆண்டுக்கு முன்பே யாரோ எனக்காக வாதாடி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

சுற்றறிக்கையைப் பற்றியும் இதே மும்பையில் முடிவான விஷயம் ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றுவது சட்டம். அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தின்கீழ் எஃப்எஸ்எஸ்ஏஐ ஒழுங்குமுறைகளை உருவாக்கும்போது, 92ஆம் பிரிவின்படி மத்திய அரசின் முன் ஒப்புதலும் வரைவை முன்கூட்டியே வெளியிடுவதும் தேவை. பிறகு 93ஆம் பிரிவின்படி அவற்றை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். உணவுப் பொருள்களுக்கு முன் அனுமதி பெறும் முறையை 2013இல் வெறும் அறிவுரைக் கடிதத்தின் மூலம் கொண்டுவந்தபோது, இந்த நடைமுறை எதுவும் இல்லாத அறிவுரைக்குச் சட்டத்தின் வலு கிடையாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2015 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே ஆகஸ்டில்தான் மேகி நூடுல்ஸ் தடை வழக்கிலும் பம்பாய் உயர் நீதிமன்றம், நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் பிறப்பித்த தடை இயற்கை நீதிக்கு முரணானது என்று அதை ரத்து செய்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் புதிதாகப் பரிசோதிக்கச் சொன்னது. பெரிய நிறுவனத்துக்குக் கிடைத்த அந்த நியாயம் மூன்று கிரைண்டர் வைத்திருப்பவருக்கும் உரியதுதான். யாராவது உங்களிடம் சுற்றறிக்கை என்று சொன்னால், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வந்தது, எப்போது வெளியிடப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையில் சுகாதார விதிகள் எவை என்று அறிய, 2011ஆம் ஆண்டின் உரிம ஒழுங்குமுறைகளில் உள்ள நான்காவது அட்டவணையைப் பாருங்கள். நம் இடத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

விசாரணை நாளில் நான் பயந்தது போலவே நடந்தது. அலுவலகத் தரப்பில் ஓர் எழுத்து மூலமான அறிக்கை கொடுத்தார்கள். உத்தரவில் இல்லாத தண்ணீர் அறிக்கை, மருத்துவச் சான்று, வடிகால் எல்லாம் அதில் காரணங்களாக வந்து நின்றன. எங்கள் வழக்கறிஞர் அந்தக் குறைகள் இல்லை என்று வாதிடவில்லை. அவை உத்தரவிலும் இல்லை, குறிப்புத் தாளிலும் இல்லை. இருந்திருந்தால் அதற்குச் சட்டம் வைத்திருக்கும் வழி மேம்பாட்டு அறிவிப்பு என்று மட்டும் சொல்லி, கோப்பின் நகலை எடுத்துக் காட்டினார். கெடு கடந்துவிட்டது என்ற ஆட்சேபத்துக்கு, நான் தேதியிட்டு வாங்கிய நகலைக் கொடுத்தோம். சில வாரம் கழித்து உத்தரவு வந்தது: காரணம் பதிவு செய்யப்படாததால் நிறுத்திவைப்பு ரத்து, குறைகள் இருப்பதாகக் கருதினால் நியமன அலுவலர் மேம்பாட்டு அறிவிப்பு கொடுத்து, அவகாசம் தந்து, என் தரப்பையும் கேட்டு முடிவு செய்யலாம்.

இந்த முடிவு என்ன கொடுத்தது, என்ன கொடுக்கவில்லை என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். இது என் இடம் சுத்தமானது என்ற சான்றிதழ் அன்று. இந்தச் சட்டம் நமக்கு வாங்கித் தருவது, கேட்கப்படும் உரிமையையும் காரணம் அறியும் உரிமையையும்தான். மும்பை நடைபாதைவாசிகளின் வழக்கான ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை வழக்கறிஞர் எனக்கு இதற்காகவே கொடுத்தார். அதில் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர், சேலம் பக்கத்தில் வறட்சியில் வேலையிழந்து 1961இல் இந்த ஊருக்கு வந்த தமிழ்க் கூலித் தொழிலாளி. அவருடைய குடிசையை இடித்து அவரைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் வேலை தேடித் திரும்ப வந்தார். அறிவிப்புக் கொடுக்காமலே அகற்றலாம் என்று மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு சொன்னாலும், சாதாரணமாக அவர்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985 ஜூலையில் கூறியது. பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றும் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு, மழைக்காலம் கழிந்தபின் குடிசைகளை அகற்றவும் வழிவிட்டது. அந்த மனிதர் தோற்ற இடத்தில் நின்றுதான் இன்று நாமெல்லாம் எங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதே என்று சொல்கிறோம்.

மேம்பாட்டு அறிவிப்பு வந்தது. இந்த முறை குறைகள் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதும் இருந்தது. வடிகால் பக்கத்துத் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டோம், ஜன்னல்களுக்கு வலை அடித்தோம், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தண்ணீர் அறிக்கை வாங்கினோம், ஆட்கள் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை முடித்தோம். எல்லாமாகச் சேர்த்து 40,000 ரூபாய்க்குள்தான் ஆயிற்று. இந்த அறிவிப்பை முதலிலேயே கொடுத்திருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம் இது. அதற்குப் பதிலாக மாதக்கணக்கில் காலாவின் வாடகை, ஆட்களின் சம்பளம், கொட்டிய சரக்கு, கன்சல்டன்டுக்குப் போன பணம், வராமல் போன வருமானம் என்று ஐந்து லட்சத்துக்கு மேல் இழந்தேன். அந்த இழப்பை யாரும் திருப்பித் தரவில்லை. அதற்குத் தனியாக வழக்குத் தொடுக்க வேண்டும், எனக்கு அப்போது தெம்பு இல்லை. எங்கள் மாவை வாங்கிய கடைகளில் கிட்டத்தட்ட பாதி வேறு ஆளிடம் போய்விட்டன. இரண்டு ஆட்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

இப்போது எங்கள் பகுதியில் மாவும் பொடியும் செய்யும் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஆய்வுக்கு ஆள் வந்ததும் அதில் ஒரு செய்தி வரும். பக்கத்தில் இருப்பவர் போய் உடன் நின்று அறிக்கையின் நகலை வாங்கிக் கொடுப்பார். எஃப்எஸ்எஸ்ஏஐ தளத்தில் வரைவு ஒழுங்குமுறைகள் வெளியாகும்போது அவற்றையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். வரைவோடு ஆட்சேபங்களும் யோசனைகளும் அனுப்ப வேண்டிய தேதி இருக்கும், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். முன்கூட்டியே வெளியிட வேண்டிய விதிகளில், குறித்த தேதிக்குள் வந்த ஆட்சேபங்களைப் பரிசீலித்தாக வேண்டும் என்று 1897ஆம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டம் 23ஆம் பிரிவில் சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. நம் இடத்தின் அளவையும் நம் செலவையும் அவர்கள் எழுத மாட்டார்கள், நாம்தான் எழுத வேண்டும். அடுத்த வரைவு வரும்போது எங்கள் குழு சார்பில் அனுப்புவதற்காக, சிறு இடங்களில் தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஆகும் செலவையும் ஆய்வக அறிக்கை கையில் வரும் நாள் கணக்கையும் ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.